மலையில் லொகேஷன் சொதப்பினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒருவர் "ஜிபிஎஸ் எடுக்கல" என்று சொன்னால் அதற்குப் பத்து அர்த்தம் உண்டு. மேப் திறக்கவில்லை என்றாலும் அதுதான் பேச்சு. புள்ளி பக்கத்து எஸ்டேட்டில் போய் நின்றாலும் அதுதான். அனுப்பிய இடம் கேரளாவில் விழுந்தாலும் அதுதான். இதில் பெரும்பாலானவற்றுக்குச் செயற்கைக்கோள் மீது பழி போட முடியாது. கோளாறு வானத்திலா, போனிலா, மேப்பிலா என்று முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிக்க வேண்டுமானால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் அனுப்பும், போன் வாங்கும், அவ்வளவுதான். போன் மேலே எதையும் அனுப்புவதில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியவும் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் "இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ செகண்ட் தவறினால் 300 மீட்டர் தவறும். மேலே இருப்பது அணுக்கடிகாரம், நம் கையில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ். ஆகவே நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு, போன் தன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். நான்கு விடை தெரியாத கணக்குக்கு நான்கு செயற்கைக்கோளாவது வேண்டும். இதில் செல்போன் டவருக்கு எங்கேயும் வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நீலப்புள்ளி இருக்கிறது, சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம்

அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இதில் ஜிபிஎஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. மேப் படம் இன்டர்நெட் வழியாக வருவது, அது வரவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டு மொட்டை மாடியில் போனை ஃபிளைட் மோடில் போட்டுப் பாருங்கள், புள்ளி நகரும். டவுனை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் பகுதியை ஆஃப்லைன் மேப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். வேறு வைத்தியம் தேவையில்லை.

"தேடுகிறது" என்றே நிற்கிறது, ஐந்து நிமிடம் ஆகியும் புள்ளி வரவில்லை

செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில் சொல்கிறது. இன்றைக்கு ஒரு குட்மார்னிங் படம் வரும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது தந்தி காலத்து வேகம். ஒரு செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரம் முழுதாக வர 30 நொடி பிடிக்கும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணை வர வேண்டுமென்றால் பன்னிரண்டரை நிமிடம். டவர் இருக்கும் இடத்தில் இந்த விவரத்தைப் போன் நெட் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும், அதனால்தான் டவுனில் உடனே புள்ளி விழுகிறது. டவர் இல்லாத இடத்தில் போனை ஆன் செய்தால் வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும்.

இங்கேதான் மலை வேலையைக் காட்டும். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் ஏதோ ஒரு செயற்கைக்கோள் மலைக்குப் பின்னால் மறைகிறது. 20 நொடி கேட்ட விவரம் பாதியில் அறுந்துபோனால், விட்டுப்போன பகுதி அடுத்த சுற்றில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஓடும் வண்டியில் போனை ஆட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வானம் அகலமாகத் தெரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். கிளம்பும் முன் டவர் இருக்கும்போதே மேப்பை ஒருமுறை திறந்து புள்ளி விழ விடுவது இன்னும் நல்லது. அப்படி வாங்கிய பாதை விவரம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வரை உதவும்.

வளைவுகளில் புள்ளி மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் தாவுகிறது

கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து பார்த்தால் ஒரு ரோட்டின் தலைக்கு மேல் இன்னொரு ரோடு ஓடுகிறது. படத்தில் இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது மீட்டர்கூட இருக்காது. திறந்த வானத்தில் நல்ல போன் ஐந்து மீட்டர் சுற்றளவில் சொல்லும். ஆனால் ஒரு பக்கம் முழுக்க மலைச்சுவர் நிற்கும்போது அது இருபதாகிவிடும். அப்புறம் வழிகாட்டும் ஆப் சும்மா இருக்காது. வண்டி ரோட்டில்தான் போகும் என்று வைத்துக்கொண்டு, புள்ளியைப் பக்கத்து ரோட்டில் கொண்டுபோய் ஒட்டிவிடும். ஒட்டியது தப்பான மடிப்பில் என்றால் "யூ-டர்ன் எடுங்கள்" என்று ஆரம்பித்துவிடும். கொண்டை ஊசி வளைவில் யூ-டர்ன்!

போனை மடியில் வைக்காமல் முன் கண்ணாடி ஓரம் வைத்தால் வானம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். சில கார்களின் கண்ணாடியில் வெயில் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலையும் சேர்த்தே தடுக்கும். வைத்த இடம் சரியாக இருந்தும் தாவினால் மலைப்பாதை முடியும்வரை குரலை அணைத்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்தை விட்டால் குன்னூர்வரை ரோடு ஒன்றுதான், வழி கேட்க என்ன இருக்கிறது? போனைச் சரிசெய்கிறேன் என்று வளைவில் வண்டியை நிறுத்தி, ஏறிவரும் பஸ்ஸை மறிப்பதுதான் பெரிய ஆபத்து.

தலைக்குந்தா செக்போஸ்டில் வெளியூர் வண்டியைக் கல்லட்டி வழியாக இறங்க விடாமல் திருப்பி அனுப்பும்போதும் "ஜிபிஎஸ் ஏமாத்திடுச்சு" என்பார்கள். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு ஒரு விதி, மற்ற வண்டிக்கு ஒரு விதி என்பது செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்? அது மேப்பின் வழித்தேர்வில் உள்ள குறை.

சோலைக்குள், மரத்தடியில், பனியில் புள்ளி அலைகிறது

பனி மீது பழி போடுவது நம் ஊர் வழக்கம். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தாலும், ஜிபிஎஸ் அலைக்கு அது இல்லாத மாதிரிதான். 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பனியோ மழையோ சொல்லிக்கொள்ளும்படி தடுப்பதில்லை. தடுப்பது பனியில் நனைந்த இலை. நீர் கோத்த இலையடுக்கு ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் சோலைதான் உண்மையான எதிரி.

ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் சிக்னலின் பலம் எண்ணில் இருக்கும். தேயிலைச் சரிவில் நின்றால் நான்கைந்து கோடுகளாவது 40ஐ ஒட்டி நிற்கும். அப்படியே பத்தடி நடந்து கற்பூர மரத்தடிக்குப் போங்கள், 30க்கு வரும். இன்னும் உள்ளே, ஈரச் சோலைக்குள் கால் வைத்தால் பாதிக் கோடுகள் 20 சொச்சத்துக்கு இறங்கி, சில கோடுகள் மின்னி மின்னி மறையும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்து நடந்தால் உங்கள் உடம்பே இன்னும் கொஞ்சத்தைக் குடித்துவிடும்.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. அதே திரையில் வானத்தின் வட்டப் படமும் இருக்கும். கேத்தி மாதிரி அகன்ற பள்ளத்தாக்கில் புள்ளிகள் நாலாபுறமும் பரவி நிற்கும். குறுகிய ஓடைப் பள்ளத்தில் நின்றால் எல்லாம் தலைக்கு மேல் ஒரே கீற்றில் கொத்தாக நிற்கும். எட்டு செயற்கைக்கோள் தெரிந்தாலும் ஒரே பக்கமாக நின்றால், அவை தரும் தூரங்கள் வெட்டிக்கொள்ளும் கோணம் சப்பையாகி, சின்னத் தவறும் பெரிதாக நீளும். இந்தப் பரவலின் தரத்தைத்தான் டிஓபி என்ற எண் சொல்கிறது. இரண்டுக்குக் கீழே இருந்தால் அருமை, ஐந்தைத் தாண்டினால் அந்த அளவை வைத்து வேலி போடாதீர்கள்.

இன்னொன்று எதிரொலிப்பு. பாறைச்சுவரிலும், லைன் வீட்டுத் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும் அலை கொஞ்சம் தாமதமாக வருகிறது. தாமதம் என்றால் போனுக்குத் தூரம், ஆகவே புள்ளி தள்ளிப் போகிறது. கொடைக்கானல் தூண் பாறை மாதிரி இடங்களில் புள்ளி பள்ளத்துக்குள் மிதப்பது இதனால்தான். "அமெரிக்காக்காரன் வேணும்னே தப்பா விடுறான்" என்று டீக்கடையில் இன்னும் சொல்கிறார்கள். வேண்டுமென்றே பிழை கலந்தது உண்மைதான், ஆனால் 2000 மே மாதத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

செய்ய வேண்டியது: மரமில்லாத இடத்துக்கு நகருங்கள், பாறையையும் தகரத்தையும் விட்டு விலகுங்கள், போனைத் தலைக்கு மேல் அல்லது தோள் உயரத்தில் பிடித்து ஓரிரு நிமிடம் பொறுங்கள். நகர்வதற்கு முன் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. புதுப் போன் வாங்குவதாக இருந்தால் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையும் கேட்கும் போனாகப் பாருங்கள். எல்5 அலை எதிரொலியைப் பிரித்தறிய நன்றாக உதவும். ஜிபிஎஸ் மாதிரியே வேலை செய்யும் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் இன்றைய போன்கள் சேர்த்தே கேட்கின்றன. அதனால் குறுகிய வானத்திலும் நான்கு கிடைத்துவிடும்.

ஜிபிஎஸ் போல நம் நாடே அமைத்த நாவிக்கைப் பற்றிக் கேட்பார்கள். அதன் சில செயற்கைக்கோள்கள் 83 டிகிரி கிழக்கு போன்ற இடங்களில் நிலையாக நிற்பதால் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும், பள்ளத்தாக்குக்கு அது நல்ல விஷயம். ஆனால் பழைய செயற்கைக்கோள்கள் சிலவற்றில் அணுக்கடிகாரம் பழுதானது. எல்லாப் போனுக்கும் அதைக் கேட்கும் சிப் இல்லை. 2023 மே மாதம் விண்ணுக்குப் போன என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோள்தான் எல்1 அலையிலும் பேச ஆரம்பித்தது. ஆகவே இப்போதைக்கு அதைக் கூடுதல் உதவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டுகிறது

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் இதில் யாருமே தப்புச் செய்யவில்லை. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். உச்சியில் நின்று ஆண்ட்ராய்டு போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்தால் 2,545, 2,550 என்று காட்டும். சுற்றுலா வந்தவர் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், போன் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டுவார்.

ஜிபிஎஸ்ஸுக்குக் கடல் மட்டம் தெரியாது. அது பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக எடுத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து உயரத்தைச் சொல்கிறது. உண்மையான கடல் மட்டம் புவியீர்ப்புக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கும். உலகத்திலேயே பெரிய பள்ளம் எங்கே தெரியுமா? இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், அந்த நீள்கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தென்னிந்தியா முழுக்க இருக்கிறது. நீலகிரியில் கடல் மட்டம் நீள்கோளத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே. ஆகவே ஆப் திருத்தம் செய்யாமல் எண்ணை அப்படியே காட்டினால் 90 மீட்டர் குறையும். திருத்தம் செய்யும் ஆப்பில் சரியாக வரும்.

இப்படிச் சோதியுங்கள்: உயரம் எழுதிவைத்த ரயில்வே ஸ்டேஷன் பலகை ஒன்றின் பக்கத்தில், திறந்த வானத்தில் நின்று பாருங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கமாக 90ஐ ஒட்டி வந்தால், ஆப் செட்டிங்ஸில் கடல் மட்ட உயரம் அல்லது ஜியாய்டு திருத்தம் என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ஒருமுறை கூடி ஒருமுறை குறைந்து வந்தால் அது வேறு, வெறும் சிக்னல் பிசகு. செயற்கைக்கோள் எல்லாம் நமக்கு மேலேதான், கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரத்தில் வரும் பிழை பக்கவாட்டுப் பிழையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு இருப்பது சகஜம்.

காற்றழுத்தம் பார்த்து உயரம் சொல்லும் கைக்கடிகாரம் மேஜை மேல் இருந்தபடியே இருபது முப்பது மீட்டர் ஏறி இறங்கும். நம் ஊரில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் கூடி, மாலை நான்கு மணி வாக்கில் குறையும், அதுதான் காரணம். தெரிந்த உயரத்தில் காலையில் ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

அனுப்பிய எண்கள் வேறு ஊரைக் காட்டுகின்றன

ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பார்ட்டி நம்பர் அனுப்பிருக்காங்க, மேப்ல போட்டா நிலம்பூர்க் காட்டுப் பக்கம் வருது. அங்கேயா வரச் சொல்றாங்க?"

"நீ போட்டத அப்படியே படி தம்பி."

"பதினொண்ணு புள்ளி இரண்டு நாலு மூணு ஆறு. எழுபத்தாறு புள்ளி நாலு இரண்டு."

வந்தவர் அனுப்பியது 11 டிகிரி 24 நிமிடம் 36 விநாடி, 76 டிகிரி 42 நிமிடம். ஊட்டி டவுன். தம்பி நிமிடத்தையும் விநாடியையும் தசமப்புள்ளிக்குப் பின்னால் வரிசையாக எழுதிவிட்டார். சரியான கணக்கு: நிமிடத்தை 60ஆல் வகுத்து, விநாடியை 3600ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 24க்கு 0.4, 36க்கு 0.01, ஆக 11.41. அதேபோல 76.70. அப்படியே எழுதினால் தெற்கே 18 கிலோமீட்டரும் மேற்கே 30 கிலோமீட்டரும் தள்ளிப்போய் மலைக்கு அந்தப் பக்கம் விழும்.

வரிசை மாறினால் இன்னும் வேடிக்கை. 76ஐ முதலில் போட்டால் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டுக்குப் பக்கத்தில், ஆர்க்டிக் கடலில் போய் நிற்பீர்கள். அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. நீலகிரிக்கு 11, 76. கொடைக்கானலுக்கு 10, 77. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் 11 என்பதால்தான் அந்தச் சரிவைத் தேடிப்பிடித்தார்கள். எண் மறந்துபோனால் அதை நினைத்துக்கொள்ளலாம்.

தசமத்தில் எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர் வரை பிசகும், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர் சொச்சம். 108க்குப் போன் செய்து இடம் சொல்வதாக இருந்தால் ஐந்து இலக்கம் போதும், அதற்கு மேல் படிப்பது நேர விரயம். நெட் இல்லாத இடத்தில் இந்த இரண்டு எண்களைச் சாதாரண எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம். ஒரு கோடு டவர் இருந்தால்கூடப் போய்விடும்.

பழைய சர்வே மேப்போடு நூறு மீட்டருக்கு மேல் ஒத்துவரவில்லை

எஸ்டேட் அலுவலகங்களில் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோப்போ ஷீட் (நில அமைப்பு வரைபடம்) சுவரில் தொங்கும். அது எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாக வைத்து வரைந்தது. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு நீள்கோளம். இரண்டும் பூமிக்கு வேறு வேறு மையம் வைத்துக்கொள்வதால், ஒரே எண் இரண்டிலும் வேறு இடத்தில் விழும். ஜிபிஎஸ் கைக்கருவியில் எந்த நீள்கோளத்தை வைத்துக் கணக்கிடுவது என்று சொல்லும் டேட்டம் என்ற செட்டிங் இருக்கும், பழைய ஷீட் என்றால் அதில் இந்தியன் என்று வரும் தேர்வைப் போட வேண்டும். 2005 தேசிய மேப் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் ஷீட் என்றால் டபிள்யூஜிஎஸ் 84 அப்படியே பொருந்தும்.

சாயங்காலம் ஆனதும், வானம் தெளிவாக இருந்தும், புள்ளி தடுமாறுகிறது

அபூர்வமானது, ஆனால் உண்டு. தரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் மேலே அயனி மண்டலம் இருக்கிறது. ஜிபிஎஸ் அலை அதைக் கடக்கும்போது தாமதமாகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போவதால், சூரியன் மறைந்த பிறகு நம் தலைக்கு மேல் அந்த மண்டலம் குமிழ் குமிழாகக் கலங்குகிறது. கலங்கிய இடம் வழியாக வரும் சிக்னல் நட்சத்திரம் போல மினுங்கும், சில நேரம் அறுந்தும் போகும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களிலும், சூரியப் புள்ளிகள் அதிகமான ஆண்டுகளிலும் இது கூடும். அந்தப் புள்ளிகளைக் கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நிலம் அளக்கும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அலைவரிசைக் கருவி இருந்தால் தாமதத்தின் பெரும்பகுதி கணக்கிலேயே கழிந்துவிடும்.

நடந்த பாதை நேர்கோடாக விழுகிறது. நிற்கும்போது அம்பு வேறு பக்கம் காட்டுகிறது

பாதை நேர்கோடானால் முதல் சந்தேகம் பேட்டரி சேவர் மேல்தான். திரை அணைந்ததும் ஆப்பைத் தூங்கவைத்திருக்கும், அந்த ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். மலை ரயிலில் பதிவு செய்தால் 16 சுரங்கங்களிலும் விட்டுப்போவது இயல்பு, அதற்கு மருந்து இல்லை.

அம்பு விஷயம் வேறு. ஜிபிஎஸ்ஸுக்கு நீங்கள் நகர்ந்தால்தான் திசை தெரியும். நிற்கும்போது அம்பைத் திருப்புவது போனில் உள்ள காந்த சென்சார். ஜீப் பானெட் மேல் வைத்தாலோ, உறையில் காந்தப் பொத்தான் இருந்தாலோ அது குழம்பும். உறையைக் கழற்றி, எட்டு வடிவத்தில் நாலு முறை சுழற்றுங்கள். அவசரம் என்றால் பத்து எட்டு நேராக நடந்தாலே போதும்.

பழைய கைக்கருவி இடத்தைச் சரியாகச் சொல்கிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால்

ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0க்கு வரும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 இரவு அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். பழைய கருவிகள் இதைப் புரிந்துகொள்ளாமல் 1999க்கோ அதையொட்டிய ஆண்டுக்கோ போய்விடும். கம்பெனி புது சாஃப்ட்வேர் தந்தால் போடுங்கள். தராவிட்டால் இடத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பதிவான பாதைகளின் தேதி வேண்டுமென்றால், காட்டும் தேதியோடு 7,168 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.